செகண்ட் ஹேண்ட் சூப்பர்கார்: மனசுக்குப் பிடித்ததா, நாளை விலைபோவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே வரும் விலைகளும் பழக்கங்களும் பெரும்பாலும் பிரிட்டன் சந்தையையும், சில இடங்களில் அமெரிக்கச் சந்தையையும் ஒட்டியவை. பழைய ஃபெராரி, லம்போர்கினி, போர்ஷே, மெக்லாரன் கார்கள் அதிகம் கைமாறுவது அங்கேதான். இந்தியாவில் வாங்குவோருக்கான கேள்வி தனியாகப் பின்னால் இருக்கிறது.

எனக்குப் பிடித்த நிறம் சந்தைக்குப் பிடிக்காத நிறம். வாங்கினால் விற்கும்போது அடிபடுமா?

புதிய கார் வாங்குபவருக்கு அடிபடும். பழைய கார் வாங்குபவருக்கு அப்படியே பொருந்தாது. பழுப்பு நிற ஃபெராரியை ஆர்டர் செய்த முதல் உரிமையாளர் அந்த நஷ்டத்தை ஏற்கெனவே கட்டிவிட்டார். நீங்கள் தள்ளுபடியில் வாங்குகிறீர்கள், தள்ளுபடியில் விற்பீர்கள். இரண்டு தள்ளுபடியும் ஒரே அளவில் இருந்தால் உங்கள் ரசனைக்கு நீங்கள் கொடுத்த விலை பூஜ்யம்.

கணக்காகவே பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்கு மட்டும். ஒரே வருடம், ஒரே மைலேஜ், ஒரே நிலையில் இரண்டு ஃபெராரி 458 இட்டாலியா. சிவப்பு 1,30,000 பவுண்டு. பழுப்பு அதைவிட 10 சதவீதம் குறைவு, 1,17,000. நான்கு வருடத்தில் சந்தை 12 சதவீதம் இறங்குகிறது என்று வையுங்கள். சிவப்பு 1,14,400க்குப் போகும், நஷ்டம் 15,600. பழுப்பு 1,02,960க்குப் போகும், நஷ்டம் 14,040. பழுப்பு வாங்கியவர்தான் குறைவாக இழந்திருக்கிறார்.

இனி மோசமான பக்கம். சந்தை மந்தமாகும்போது வாங்குபவர் கையில் தேர்வு அதிகம் இருக்கும். அப்போது வித்தியாசமான நிறங்களின் தள்ளுபடி விரியும். 10 சதவீதம் 15 ஆனால் பழுப்புக் கார் 97,240க்குத்தான் போகும், நஷ்டம் 19,760. சிவப்பைவிட 4,160 கூடுதல், அதாவது வருடத்துக்கு 1,040 பவுண்டு. உங்களுக்குப் பிடித்த நிறத்துக்கு வருடம் 1,040 பவுண்டு தர மனம் வருகிறதா? வந்தால் வாங்குங்கள். நாங்கள் பார்த்தவரை இந்தத் தொகையைக் காகிதத்தில் எழுதிப் பார்த்ததும் பலருடைய குழப்பம் தீர்ந்துவிடுகிறது.

உண்மையில் அடிபடுவது வேறு ஒருவர்: பழுப்புக் காரைச் சிவப்பின் விலைக்கு வாங்கியவர். "இது அபூர்வமான நிறம், உலகத்திலேயே சில கார்தான்" என்று டீலர் சொன்னால், அந்த நிறத்தைத் தேடும் ஆட்களும் சிலர்தானா என்று கேளுங்கள். அபூர்வம் வேறு, கிராக்கி வேறு. போர்ஷேயில் தொழிற்சாலையிலேயே தனி நிறம் அடித்துத் தரும் 'பெயின்ட் டு சாம்பிள்' கார்களுக்குக் கிராக்கியும் உண்டு, கூடுதல் விலையும் உண்டு. அதற்காக எல்லா பிராண்டிலும் அபூர்வம் அப்படிக் காசாகும் என்று நம்ப வேண்டாம்.

நிறம் பிராண்டைப் பொறுத்தும் மாறும். ஃபெராரியில் சிவப்பு எளிதாகப் போகும். லம்போர்கினியில் ஆரஞ்சும் பச்சையும் மஞ்சளும் வித்தியாசமே இல்லை, அந்தக் காருக்கு அதுதான் இயல்பு. வெள்ளி நிற லம்போர்கினிதான் காத்துக்கிடக்கும்.

எதில் ரசனைக்கு இடம் கொடுக்கலாம், எதில் கூடாது?

பின்னால் மாற்ற முடிவதா என்பதைப் பாருங்கள். வீல், எக்ஸாஸ்ட், ஸ்டியரிங், பிரேக் காலிபர் நிறம், உள்ளே இருக்கும் கார்பன் பாகங்கள், ஏன் சீட் தோல் உட்பட எல்லாமே பணம் கொடுத்தால் மாறும். இவற்றில் கார் உங்கள் ரசனைக்கு ஒத்துவரவில்லை என்பதற்காக நல்ல காரை விடக் கூடாது. கியர்பாக்ஸ் வகை, தொழிற்சாலை நிறம், ஸ்டியரிங் எந்தப் பக்கம், கூரை திறக்குமா, விபத்து வரலாறு, ஓடிய மைல் ஆகியவை மாறாது. ரசனையும் மறுவிற்பனையும் மோதுவது இந்த இரண்டாவது கூட்டத்தில்தான்.

அதிலும் விபத்து வரலாறை ரசனையோடு சேர்க்கவே கூடாது. பிரிட்டனில் 2017 அக்டோபரிலிருந்து, இன்சூரன்ஸ் கம்பெனி கைவிட்டாலும் சரிசெய்து ஓட்டக்கூடிய கார்களுக்கு 'எஸ்', 'என்' என்று இரண்டு பிரிவுகள். 'எஸ்' என்றால் கட்டமைப்பு வரை அடி, 'என்' என்றால் கட்டமைப்பைத் தொடாத அடி. அமெரிக்காவில் இதற்கு 'சால்வேஜ் டைட்டில்'. இந்த முத்திரை விழுந்த கார் எவ்வளவு அழகாகச் சரிசெய்யப்பட்டிருந்தாலும் கடன் கிடைப்பதும், இன்சூரன்ஸ் கிடைப்பதும், டீலர் எக்ஸ்சேஞ்சில் எடுப்பதும் கடினம். பிடித்த நிறம், பிடித்த கியர், பாதி விலை என்று மூன்றும் ஒரே காரில் வந்தால் முதலில் வரலாறைத் தேடுங்கள்.

மேனுவல் கியர் வேண்டுமா, வேண்டாமா? விலை வித்தியாசம் பயமுறுத்துகிறதே?

இந்தக் கேள்வியில்தான் அதிகப் பணம் புரள்கிறது.

ஃபெராரி 360 (1999–2005), எஃப்430 (2004–2009), லம்போர்கினி முர்சியேலாகோ (2001–2010), கல்லார்டோ (2003–2013), முதல் தலைமுறை ஆடி ஆர்8 எல்லாமே மேனுவலிலும் வந்தன, ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் இழுத்து கியர் மாற்றும் துடுப்பு வைத்த ஒற்றை கிளட்ச் ஆட்டோமேட்டட் கியரிலும் வந்தன. புதிதாக விற்ற காலத்தில் துடுப்புதான் நவீனம், பெரும்பாலோர் அதையே வாங்கினார்கள். அதனால் மேனுவல் எண்ணிக்கையில் குறைந்தது. அதன் பின் வந்த 458இல் மேனுவலே இல்லை, இரட்டை கிளட்ச் மட்டும்தான். இரண்டாம் தலைமுறை ஆர்8 2015இல் வந்தபோது அதிலும் மேனுவல் போய்விட்டது. உலோகத் தட்டில் வெட்டிய பள்ளங்களுக்குள் கியர் குச்சி 'டக்' என்று விழும் அந்தக் கார்களுக்கு இன்று இருக்கும் விலை இப்படி வந்ததுதான்.

மேனுவல் பிடித்தவர் கூடுதல் பணம் கொடுத்து வாங்கினால், பெரும்பாலும் அந்தப் பணம் காருக்குள்ளேயே இருக்கும், விற்கும்போது திரும்ப வரும். அவருக்கு ரசனையும் சந்தையும் ஒரே பக்கம். துடுப்பு பிடித்தவருக்கு அதைவிட நல்ல செய்தி: எஃப்430 எஃப்1 கியர் (துடுப்பு கியருக்கு ஃபெராரி வைத்த பெயர்) காரை மேனுவலைவிடப் பல படி குறைந்த விலைக்கு வாங்கலாம். சங்கடப்படுபவர்கள், மேனுவல் ஓட்டப் பிடிக்காமல் "மதிப்பு ஏறும்" என்று மேனுவல் வாங்குபவர்கள். கூடுதல் பணத்தையும் முடக்கி, ஓட்டும் சுகத்தையும் விட்டுவிடுகிறார்கள்.

துடுப்புக் காரில் பார்க்க வேண்டியது கிளட்ச். தேய்மானம் எத்தனை சதவீதம் என்று கண்டறியும் கருவியில் தெரியும். டீலரிடம் உள்ள கருவியிலும் பார்க்கலாம், ஃபெராரி வேலை தெரிந்த தனி மெக்கானிக்குகளிடம் உள்ள கருவியிலும் பார்க்கலாம். அந்தச் சதவீதத்தை அச்சிட்டுக் கேளுங்கள். இந்த கிளட்சை நெடுஞ்சாலை தேய்க்காது. ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுப்பதும், நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்வதும்தான் தேய்க்கும். விற்பவர் வீட்டு வாசல் சரிவாக இருந்தால் அதையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

துடுப்புக் காரைப் பின்னால் மேனுவலாக மாற்றித் தரும் கடைகள் இருக்கின்றன. வேலை சுத்தமாக இருந்தால் ஓட்டும்போது வித்தியாசம் தெரியாது. விலையில் தெரியும். மாற்றிய கார், தொழிற்சாலை மேனுவலின் விலையைத் தொடாது. ஆகவே மேனுவல் என்று சொல்லி வரும் எந்தக் காருக்கும் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, அது தொழிற்சாலையிலிருந்து எந்த கியரோடு வந்தது என்று அதிகாரபூர்வ டீலரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஓட்டுவதற்கு மட்டுமே வேண்டும் என்பவருக்கு மாற்றிய கார் நல்ல தேர்வுதான், மாற்றிய காரின் விலைக்கே கிடைத்தால்.

அபூர்வ மாடல் வாங்கினால் விலை இறங்காது என்கிறார்களே?

2016இல் வந்த போர்ஷே 911 ஆர் காரைப் பாருங்கள். மொத்தம் 991 கார்கள். 911இன் டிராக் பதிப்பான ஜிடி3 ஆர்எஸ் காரின் என்ஜின், மேனுவல் கியர் மட்டும், பின்னால் பெரிய இறக்கை இல்லை. அமெரிக்காவில் புதிய விலை 1,84,900 டாலரில் தொடங்கியது. அப்போது சாதாரண ஜிடி3யில் மேனுவலே கிடைக்காது என்பதால், கைக்கு வந்த வேகத்தில் அதன் பல மடங்கு விலை கேட்டார்கள். 2017இல் போர்ஷே ஜிடி3க்கே மேனுவலைத் திரும்பக் கொண்டுவந்தது. கூடவே இறக்கை இல்லாத டூரிங் பதிப்பும் வந்தது. 911 ஆர் விலை உச்சியிலிருந்து கடகடவென இறங்கியது. புதிய விலையைவிட இன்றும் அது அதிகம்தான், ஆனால் உச்சத்தில் வாங்கியவருக்கு அதனால் என்ன ஆறுதல்?

தொழிற்சாலை நினைத்தால் மறுபடி செய்துவிடக்கூடிய ஒன்றுக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். டர்போ இல்லாமல் 9,000 ஆர்பிஎம் வரை சுழலும் 458இன் 4.5 லிட்டர் வி8க்கு அந்த ஆபத்து குறைவு. 2015இல் அடுத்து வந்த 488 டர்போவுக்கு மாறிவிட்டது, புகை விதிகள் திரும்பிப் போகவும் விடாது.

458 ஸ்பெசாலே, 430 ஸ்குடேரியா போன்ற கார்களில் இன்னொரு சிக்கல். தரை விரிப்பு, ஒலித்தடுப்பு எல்லாம் குறைத்து எடை இறக்கிய கார்கள் இவை. ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அந்த இரைச்சல் பிடிக்கவில்லையென்றால் சாதாரண 458 உங்களுக்கு நல்ல கார், விலையும் குறைவு.

குறைந்த மைல் ஓடிய கார்தான் நல்லதா?

விற்பதற்கு நல்லது. ஓட்டுவதற்கு அதுவே விலங்கு. 4,000 மைல் மட்டும் ஓடிய காருக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் விலை, நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு மைலிலும் கரையும். அதனால் அந்தக் காரை யாரும் ஓட்டுவதில்லை, அடுத்தவருக்காகப் பாதுகாத்துக் கொடுக்கிறார்கள். வருடம் 3,000 மைல் ஓட்டப் போகிறவர் 15,000 முதல் 30,000 மைல் வரை ஓடிய, சர்வீஸ் ரசீது முழுமையாக இருக்கும் காரை எடுத்தால், மேலும் 10,000 மைல் ஏறினாலும் விலை பெரிதாக ஆடாது.

சும்மா நின்ற காருக்கு வேறு நோய்கள் உண்டு. ரப்பர் சீல்கள் காய்ந்து எண்ணெய் கசியும், பேட்டரி இறங்கி எலெக்ட்ரானிக்ஸ் உளறும், டயரில் ஆழம் இருக்கும், உயிர் இருக்காது. டயரின் பக்கச்சுவரில் டாட் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஆறு வயது தாண்டிய டயரை இந்த வேகத்துக்கு நம்பக் கூடாது. ஒரு செட்டின் விலையைக் கழித்துக் கேளுங்கள்.

360இலும் அதற்கு முந்தைய எஃப்355இலும் டைமிங் பெல்ட் இருக்கிறது. மைல் ஓடாவிட்டாலும் வயதால் கெடும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். 360இல் சீட்டுக்குப் பின்னால் உள்ள மூடியைக் கழற்றியே மாற்றிவிடலாம். எஃப்355இல் என்ஜினையே கீழே இறக்க வேண்டும், கூலி பல மடங்கு. எஃப்430 முதல் செயின் வந்துவிட்டதால் இந்தச் செலவு இல்லை. 2,000 மைல் ஓடிய எஃப்355இல் ஏழு வருடமாக பெல்ட் மாற்றவில்லை என்றால், "ஓடவே இல்லையே சார்" என்பது பதிலாகாது.

எந்த ஆப்ஷனுக்கு விற்கும்போது பணம் கிடைக்கும்?

புதிய காரில் ஆப்ஷனுக்குக் கட்டிய பணத்தில் பெரும்பகுதி முதல் கைமாற்றத்திலேயே போய்விடும். அடுத்துக் கிடைப்பது விலையாக இல்லாமல் வேகமாகத்தான் கிடைக்கும்: ஆப்ஷன் இருந்தால் கார் சீக்கிரம் போகும், இல்லையென்றால் நிற்கும்.

முன்பக்கத்தைத் தூக்கும் லிஃப்ட் இருந்தால் நல்லது. பின்னால் பொருத்துவது வீண் செலவு. கார்பன் ரேசிங் சீட் கேட்பவர்கள் நிறைய, ஆனால் இடுப்புக்கு ஒத்துவராதவர்களும் நிறைய. ஷோரூமில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள், அரை மணி நேரம் உட்காருங்கள். தொடையும் கீழ்முதுகும் பதில் சொல்லும். இங்கே ரசனை என்பது உடம்பு, அதை மறுவிற்பனைக்காக வளைக்க வேண்டாம்.

ஃபெராரியின் முன் மட்கார்டில் வரும் சிறிய எனாமல் கேடயம் விற்பனையில் வினோதமாகக் கனக்கிறது. அது இல்லாத காரைப் பார்த்து "ஏதோ குறைகிறதே" என்பார்கள். தொழிற்சாலைக் கேடயம் தகட்டில் வெட்டிய குழிக்குள் உட்கார்ந்திருக்கும். பின்னால் ஒட்டியது மேலே புடைத்து நிற்கும். விரல் நகத்தை ஓட்டினாலே தெரிந்துவிடும்.

கார்பன் செராமிக் பிரேக் டிஸ்க்கைக் கண்ணால் பார்த்துத் தேய்மானம் சொல்ல முடியாது. பொதுவாக டிஸ்க்கின் நடுப்பகுதியில் குறைந்தபட்ச எடை பொறித்திருக்கும். கழற்றித் தராசில் வைத்து ஒப்பிடலாம், அல்லது அதற்கென உள்ள கருவியால் அளக்கலாம். விளிம்பில் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வீல் மாட்டும்போது இடித்தால்கூடப் பெயரும். ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்கள் பலர் செராமிக்கைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு இரும்பு டிஸ்க் போடுவார்கள். அந்தப் பெட்டி காரோடு வருகிறதா என்று கேளுங்கள்.

பழைய உரிமையாளர் மாற்றங்கள் செய்திருக்கிறார். எனக்குப் பிடித்திருக்கிறது. எடுக்கலாமா?

கழற்றிய அசல் பாகங்கள் கைவசம் இருந்தால் எடுக்கலாம். இல்லையென்றால் அவற்றின் இன்றைய விலையைக் கழியுங்கள். எக்ஸாஸ்ட் என்றால் சைலன்சர் மட்டும் போதாது, வால்வு, கிளாம்ப், பிராக்கெட் வரை கேட்க வேண்டும். என்ஜின் கணினியில் ட்யூனிங் செய்த டர்போ கார் வேறு கதை. அதிகாரபூர்வ நீட்டிப்பு வாரண்டி போய்விடும். மெக்லாரனில் வாரண்டி இல்லாத கார் என்றால் வாங்குபவர் கூட்டம் அங்கேயே பாதியாகும்.

மாற்றத்தைச் சந்தை ஏற்றுக்கொண்ட இடங்களும் உண்டு. எஃப்430இன் அசல் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (என்ஜினிலிருந்து புகையை வாங்கி வெளியேற்றும் குழாய்த் தொகுப்பு) விரிசல் விடும். நல்ல ஸ்டீல் மேனிஃபோல்ட் போட்ட கார் என்றால் அதைக் குறையாக யாரும் பேசுவதில்லை, நிம்மதியாகத்தான் பார்க்கிறார்கள்.

ரசனையும் விலையும் இருக்கட்டும், எந்தப் பழுது இரண்டையும் விழுங்கும்?

இது காருக்குக் கார் மாறும். எஃப்430இல் மேற்சொன்ன மேனிஃபோல்ட்: குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது 'டிக் டிக்' சத்தம் வந்து, சூடானதும் மறைந்தால் சந்தேகப்படுங்கள். அதனால்தான் பார்க்கப் போகும்போது "என்ஜினைச் சூடாக்க வேண்டாம், நாங்கள் வந்ததும் ஸ்டார்ட் செய்யலாம்" என்று முன்பே சொல்லிவிட வேண்டும். அந்தக் கால ஃபெராரிகளில் டாஷ்போர்டு பட்டன்களின் மேல்பூச்சு பிசின் போல ஒட்டும். பெரிய விஷயமில்லை, பூச்சை எடுத்துத் திரும்ப அடித்துத் தருகிறார்கள்.

458இல் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸின் உள் சென்சார் கெட்டால் கியர் விழாமல் போகும். ஒரு காலத்தில் முழு கியர்பாக்ஸையே மாற்றச் சொன்னார்கள், இப்போது பிரித்துச் சரிசெய்யும் நிபுணர்கள் இருக்கிறார்கள். ஃபெராரி தந்த ஏழு வருட இலவசப் பராமரிப்பு சர்வீஸுக்கு மட்டும், இப்படிப்பட்ட பழுதுக்கு அல்ல. இரண்டையும் குழப்பிப் பேசும் விற்பனையாளர்கள் அதிகம்.

மெக்லாரன் எம்பி4-12சி (2011–2014) விலை சரிந்த கதைக்குப் பேர்போன கார். ஓட்டுவதற்கு அருமை. ஹைட்ராலிக் சஸ்பென்ஷனின் அக்யுமுலேட்டர்கள் (எண்ணெய் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் கலன்கள்) தேய்ந்தால் கார் திடீரென முரட்டுத்தனமாகக் குலுங்கும். அவற்றைத் தேயும் பாகம் என்றே கணக்கில் வையுங்கள். ஆர்8இல் காந்த டேம்பர் (அதிர்வுதாங்கி) கசியும். வீலுக்குப் பின்னால் டார்ச் அடித்து எண்ணெய் ஈரம் பாருங்கள். போர்ஷே 911இன் 997 தலைமுறை ஜிடி3யில் பசை போட்டு ஒட்டிய கூலன்ட் குழாய் இணைப்புகள் கழன்றுவிடும், டிராக்கில் கழன்றால் உங்கள் டயருக்கு அடியிலேயே கொட்டும். வெல்டிங் செய்தோ உலோகப் பின் (ஊசி) அடித்தோ சரிசெய்த ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து வந்த 991 தலைமுறை ஜிடி3யின் முதல் பதிப்பில், 2014இல் தீப்பிடித்த சம்பவங்களுக்குப் பிறகு 785 கார்களின் என்ஜினை போர்ஷே மாற்றிக் கொடுத்தது.

மேனுவல் போர்ஷேயில் ஓவர்ரெவ் அறிக்கை வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஐந்திலிருந்து நான்குக்குப் பதிலாக இரண்டைப் போட்டுவிட்டால் என்ஜின் தாங்கும் வேகத்தைத் தாண்டிச் சுழலும். 997 கணினி இதை ஆறு நிலைகளாகப் பிரித்து, என்ஜின் ஓடிய எத்தனையாவது மணி நேரத்தில் கடைசியாக நடந்தது என்பதோடு பதிந்து வைத்திருக்கும். முதல் இரண்டு மூன்று நிலைகளில் எண்ணிக்கை இருப்பது சகஜம். ஐந்து, ஆறில் இருந்தால், அதுவும் சமீபத்திய மணிக்கணக்கில் இருந்தால், நிறம் எவ்வளவு பிடித்திருந்தாலும் நகர்ந்துவிடுங்கள்.

பெயின்ட் அசலா என்று எப்படிப் பார்ப்பது?

கருவி சரியாக இருக்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் காந்த அளவி இரும்புத் தகட்டில்தான் வேலை செய்யும். 360 முதல் 458 வரை ஃபெராரியும், கல்லார்டோவும், ஆர்8உம் பெரும்பாலும் அலுமினியம். அதற்கு எடி கரன்ட் முறையில் அளக்கும் கருவி வேண்டும். கார்பன் ஃபைபர், பிளாஸ்டிக் பாகங்களில் இரண்டுமே பயன்படாது, அல்ட்ராசோனிக் கருவி தேவை.

ஒவ்வொரு தகட்டிலும் குறைந்தது ஐந்து இடத்தில் அளவெடுங்கள். தொழிற்சாலை பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் அளவில் இருக்கும், தனிப் பெயின்ட் என்றால் இன்னும் தடிமனாகலாம். ஒரு எண்ணைத் தனியாகப் பார்த்துப் பயப்படாமல் இடது கதவையும் வலது கதவையும் ஒப்பிடுங்கள். ஒன்று 130, மற்றது 280 என்றால் மறுபடி அடித்திருக்கிறார்கள். 500ஐத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது. பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டிய காரில் ஃபிலிம் தடிமனும் சேர்ந்து வரும், சுமார் 150 முதல் 200 மைக்ரான். அதைக் கழிக்க மறக்கக் கூடாது. முன் பம்பரும் பானெட்டும் கல் பட்டதற்காக மறுபடி அடிக்கப்படுவது சாதாரணம், அதற்காகப் பேரம் பேசலாம், ஓட வேண்டியதில்லை. கூரையும் கதவு நிலைச் சட்டமும் மறுபடி அடிக்கப்பட்டிருந்தால் கேள்வி கேட்காமல் விடாதீர்கள்.

முழு காருக்கும் நிற ஃபிலிம் சுற்றியிருந்தால், அடியில் உள்ள நிறம்தான் நீங்கள் வாங்கும் நிறம். ஒரு கதவையாவது உரித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுபக்கம், உங்கள் ரசனைக்கு இதுவே எளிய வழி: விலைபோகும் நிறத்தில் வாங்கி, பிடித்த நிறத்தை ஃபிலிமாகச் சுற்றி ஓட்டி, விற்கும் முன் உரித்துவிடலாம். அடியில் தொழிற்சாலை பெயின்ட் இருந்தால்தான். மறுபடி அடித்த பெயின்ட் ஃபிலிமோடு சேர்ந்து உரிந்து வரலாம்.

கூபேயா, கூரை திறப்பதா?

சாதாரண மாடலில் பிடித்ததை எடுங்கள், இரண்டுக்கும் ஆள் உண்டு. டிராக்குக்காகச் செய்த மாடல்களில் கூபேயைத் தேடுபவர்கள் அதிகம், எண்ணி எண்ணிச் செய்த திறந்த பதிப்புகள் தவிர. 499 மட்டுமே செய்த 458 ஸ்பெசாலே ஏ அப்படி ஒரு விதிவிலக்கு.

இந்தியாவில் வாங்கினால் இந்தக் கணக்கு பொருந்துமா?

பாதிதான். பழைய காரை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர, தயாரித்து மூன்று வருடத்துக்குள் இருக்க வேண்டும், ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், மேலே சுங்க வரியும் கனமானது. அதனால் எஃப்430 மேனுவலை லண்டனில் பார்த்து ஆசைப்பட்டுப் பயனில்லை. நாட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் கார்கள்தான் சந்தை.

அந்தச் சந்தை சின்னது என்பதால் நிறம் பிடிக்காத ஒரே காரணத்துக்காக நல்ல காரை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. விற்கும்போதும் அதே கதை: வாங்கக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு, அவர்கள் வேறு மாநிலத்தில் இருப்பார்கள். வேறு மாநில கார் தமிழ்நாட்டுக்கு வந்தால் பழைய ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று, மறுபதிவு, இங்கே ஆயுள் வரி எல்லாம் உண்டு. 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். பழைய காருக்கு வயதுக்கேற்பக் குறையும் என்றாலும் கோடிக் கணக்கில் அது பெரிய தொகை. விலை பேசும் முன் வரி எவ்வளவு வரும் என்று ஆர்டிஓவில் கேட்டுவிடுங்கள். முன்பக்க லிஃப்ட் இங்கே ஆடம்பரம் அல்ல, நம் வேகத்தடைகளுக்கு அது இல்லாமல் வீட்டுத் தெருவையே தாண்ட முடியாது.

லாபம் வந்தால் வரி கட்ட வேண்டுமா?

பிரிட்டனில் தனியார் பயணிகள் காருக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. நஷ்டத்தையும் கழிக்க முடியாது. வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்தால் விதி வேறு. அமெரிக்காவில் சேகரிப்புப் பொருளாகக் கருதப்படும் காரில் நீண்டகால லாபத்துக்கு வரி 28 சதவீதம் வரை போகலாம். "ஏறியது எல்லாம் என் பை" என்று கணக்குப் போடுவதற்கு முன் இதையும், வருடாந்திர இன்சூரன்ஸ், நிறுத்துமிட வாடகை, சர்வீஸ் ஆகியவற்றையும் கழியுங்கள். காகிதத்தில் லாபமாகத் தெரியும் பல கார்கள் இந்தக் கழிப்பில் சமமாகிவிடும்.

வித்தியாசமான காரை வாங்கிவிட்டேன். விற்கும் நேரத்தில் என்ன செய்வது?

அவசரத்தில் விற்காதீர்கள். வித்தியாசமான காருக்கு விலையைவிடக் காலம்தான் அதிகம் போகும். நான்கு முதல் ஆறு மாதம் கையில் வைத்துக்கொள்ள முடிகிற நிலையில் விற்பனைக்கு வையுங்கள். பிரிட்டனில் குளிர்காலம் முடிந்து மார்ச், ஏப்ரலில் கேட்பவர்கள் கூடுவார்கள், நவம்பரில் கூரை திறக்கும் காரை விற்கப் போவது வீண். டீலரிடம் எக்ஸ்சேஞ்ச் கேட்டால் வித்தியாசமான நிறத்துக்கு அவர் தன் பயத்தையும் சேர்த்துக் கழிப்பார். அதைவிட, அந்த பிராண்டை மட்டும் கையாளும் கடையில் கமிஷனுக்கு விடுவது மேல்.

வெயில் சாய்ந்த நேரத்தில் வெளியே நிறுத்திப் படம் எடுங்கள். அடர்ந்த பழுப்பும் பச்சையும் ஷோரூம் விளக்கில் கறுப்பாகத்தான் தெரியும். கல் பட்ட இடம், வீல் உரசல் எல்லாவற்றையும் அருகில் எடுத்துப் போட்டால், நேரில் வந்து விலை குறைக்க ஒன்றும் மிஞ்சாது. இரண்டு சாவி, தோல் உறையில் கையேடுகள், டூல் கிட், டயர் காற்றடிக்கும் கருவி, பேட்டரி சார்ஜர், கார் உறை ஆகிய எல்லாவற்றையும் ஒரே படத்தில் வையுங்கள். காணாமல் போன டூல் கிட்டை ஃபெராரி பாகங்கள் கவுன்டரில் விலை கேட்டால் தலை சுற்றும், வாங்க வருபவருக்கும் அந்த விலை தெரியும்.